கிணற்று உருளைக்கு எண்ணெய்

வாசல் கேட்டுக்கு எண்ணெய் விட வந்த பேரனிடம், அந்தக் கிறீச்சுச் சத்தம் இருக்கட்டும் என்றேன்.

1930களில், நான் பள்ளிக்கூடம் போன வயதில், உடுமலைப் பக்கத்துத் தோட்டத்தில், அப்பா வண்டியோட்டப் போகும் நாட்களில் கிணற்றுத் தோல்பறியை இழுக்கும் கவலை மாடுகளை ஓட்டித் தண்ணீர் இறைக்க அம்மா என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்வாள். கிணற்று உருளை கிறீச்சிடுவது பள்ளிக்கூடம் வரை கேட்கும். நான் வராத நாளில் அது கேட்டால், உடனே வாத்தியார் வந்து என்னை அழைத்துப் போய்விடுவார்.

ஒருநாள் அம்மா உருளைக்கு விளக்கெண்ணெய் விட்டாள். சத்தமில்லாமல் தண்ணீர் பாய்ந்தது. அன்றும் வாத்தியார் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

“ஏனுங்கம்மா, அம்மணி பள்ளிக்கோடம் வரலைங்க, உருளைச் சத்தமும் கேக்கலீங்க. ஊட்டுல யாருக்காச்சும் மேலுக்குச் செரியில்லீங்களா?”

அம்மா எண்ணெய்க் கையை முந்தானைக்குள் மறைத்தாள். பிறகு என்னிடமிருந்து சாட்டையை வாங்கிக்கொண்டாள்.

“நீ போ கண்ணு. நான் ஓட்டிக்கறேன்.”