சுனில்தாவின் சேவல்கள்

லா வேகா நகரத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் பார்லர் நடத்திவந்த சுனில்தா ரொசாரியோவிடம் கூந்தல் அலங்காரத்துக்கு வருகிற பெண்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அக்டோபரில் பேஸ்பால் தொடங்கிவிட்டால் அந்தக் கடையில் வேறு எந்தப் பேச்சும் எடுபடாது. யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டுச் சண்டை எல்லாம் பிப்ரவரிக்குப் பிறகுதான். அதுவரைக்கும் ரேடியோவில் ஆட்டம் ஓடும். எதிரணிக்காரன் ஓட்டம் எடுத்த நேரத்தில் அவள் கையில் தலையைக் கொடுத்திருப்பவளுக்குச் சீப்பு கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கும்.

அவளுடைய அணி லா வேகா சேவல்கள். ஓட்டக்காரன் ஹோம் சேருவதற்கு முன் கடைசியாகத் தொடுகிற மூன்றாம் தளத்துக்குப் பின்னால், மைதானத்தில் கம்பி வலையை ஒட்டி அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. அதில் வேறு யாரும் உட்கார்வதில்லை. மேளமும் அக்கார்டியனும் முழங்கிக்கொண்டிருக்கும்போதும் அவள் குரல் தனியாகக் கேட்கும். அம்பயர்களைத் திட்டுவதில் அவளுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. தாயை இழுக்க மாட்டாள். கண் டாக்டரைத்தான் இழுப்பாள்.

அந்த வருடம் சேவல்களுக்குப் பட்ட அடி கொஞ்சநஞ்சமல்ல. முதல் வாரத்திலேயே, இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு நடுவில் காவல் நிற்கிற ஷார்ட்ஸ்டாப்காரனுக்குத் தொடை நரம்பு இழுத்துக்கொண்டது. முதல் தளத்துக்கு ஓடியவன் பாதி வழியில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அடுத்து, அணி முழுக்க நம்பியிருந்த, பந்து எறிகிற பிட்சருக்கு முழங்கை வீங்கியது. பெரிய அடிக்காரன் ஒருவனுக்கு எதிரணி எறிந்த பந்து மணிக்கட்டில் பட்டு எலும்பு விட்டுப்போனது. இன்னொருவன் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஆட்டுக்கறி வாங்கப் போய், விழுந்து தோளை உடைத்துக்கொண்டான். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிற கேட்சருக்குக் கட்டைவிரல் போனது. அவனுக்குப் பதிலாக வந்தவனை அமெரிக்காவில் அவன் ஆடுகிற அணி தொலைபேசியில் கூப்பிட்டு, நீயும் அடிபடுவதற்குள் திரும்பி வந்துவிடு என்று சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் சுனில்தா ஒருநாள்கூட முகம் வாடியதில்லை. ஜனவரியில் நான்கு அணிகள் மட்டும் ஆடுகிற சுற்றுக்குச் சேவல்கள் போகும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கடையில் அவளோடு வேலை பார்த்த யோகாஸ்தா பக்கத்து ஊரான மோகாவில் பிறந்தவள். அந்த ஊர் அணியும் அதே நாலாவது இடத்துக்குத்தான் முட்டிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் கதவைத் திறக்கும்போதே அவள் ஆரம்பித்துவிடுவாள்.

“அக்கா, உங்க சேவல்ல முக்காவாசி கொழம்புக்குப் போயாச்சு. மிச்சத்துக்கும் மசாலா அரைச்சு வெச்சுரலாமா?”

“அரைச்சு வெய்டி. கொதிக்கிற சட்டியிலேருந்து எழுந்து வந்து உன் மோகாக்காரனுங்க மண்டையில கொத்தும், பாத்துக்கிட்டே இரு.”

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், இரண்டு அணிகளும் வெற்றி தோல்வியில் சமமாக வந்து நின்றன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லா வேகாவில் கடைசி ஆட்டம். ஜெயிக்கிறவர்கள் ஜனவரிக்குப் போவார்கள். தோற்கிறவர்கள் வீட்டுக்குப் போவார்கள்.

அதற்கு முந்தைய ஆட்டத்தில்தான் மூன்றாவது கேட்சரும் விழுந்தான். பந்து எறிந்தவன் யோர்தானி என்ற இடதுகைக்காரன். வேகம் அதிகம், பார்வை குறைவு, கண்ணாடி போட ரோஷம். கேட்சர் தொடைக்கு நடுவில் விரலைக் காட்டி, வளைந்து வருகிற பந்தைக் கேட்டிருக்கிறான். அது யோர்தானிக்குத் தெரியவில்லை. தானாக ஒன்றை நினைத்துக்கொண்டு முழு வேகத்தில் நேராக எறிந்துவிட்டான். கீழே காத்திருந்தவனின் முகக்கவசத்தில் பந்து இடித்தது. ஆஸ்பத்திரியில் அவனிடம் இது என்ன மாதம் என்று கேட்டதற்கு மே என்றானாம்.

சனிக்கிழமை கடையில் கூட்டம் நெரிந்தது. எல்லார் தலையிலும் ரோலர்; மூன்று பேர் சூடுகாற்றுக் கூண்டுக்குள் தலையை நுழைத்திருந்தார்கள். அப்போதுதான் ரேடியோக்காரர் நாளைய கேட்சரின் பெயரைச் சொன்னார். ராதாமேஸ் லிரியானோ.

ரோலர் தலைகள் எல்லாம் கண்ணாடி வழியாகச் சுனில்தாவைப் பார்த்தன.

ராதாமேஸ் அவளுடைய புருஷனாக இருந்தவன். ஒரு கோடைக்கு ஆடிவிட்டு வருகிறேன் என்று மெக்சிகோவுக்குப் போனவன் மூன்று வருடம் கழித்துத் திரும்பினான். அங்கே இன்னொரு வீடு இருந்தது என்று ஊருக்கே தெரிந்த பிறகுதான் சுனில்தாவுக்குத் தெரிந்தது. அவன் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது அவள் கத்தவில்லை. உள்ளே போய் அவனுடைய பழைய கையுறைகளை எடுத்துவந்து அந்தப் பெட்டிமேல் அடுக்கிவைத்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். ஆட வயது தாண்டிவிட்ட அவனுக்குச் சேவல்கள் ஒரு வேலை கொடுத்தார்கள். மைதானத்தின் ஓரத்தில், உள்ளே இறங்கப்போகிற பிட்சர்கள் கையைச் சூடேற்றிக்கொள்ள எறிகிற பந்தைப் பிடித்துத் தருகிற வேலை. அந்த ஓரமும் சுனில்தாவின் இடமும் கூப்பிடு தூரம்தான். வருடக் கணக்காக அவள் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. அவனுக்காக இடத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. அவளைக் கேட்டால், நான்தான் அங்கே முதலில் வந்தவள் என்பாள்.

யோகாஸ்தாவால் சும்மா இருக்க முடியவில்லை. “அக்கா, நாளைக்கு யாருக்குக் கைதட்டப் போறீங்க?”

“சேவலுக்கு,” என்றாள் சுனில்தா. கையில் இருந்த கூந்தலைச் சுருட்டி முடித்துவிட்டுத்தான் மேலே பேசினாள். “சட்டைக்குள்ள யாரு இருக்கான்னு நான் பாக்கறதில்ல.”

சாயந்தரம் கூட்டம் குறையவில்லை. அப்போது கதவு திறந்தது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ராதாமேஸ் உள்ளே வந்து நின்றான். பொதுவாக எல்லாருக்கும் வணக்கம் சொன்னான். எல்லாரும் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை.

“ஆம்பளைங்களுக்கு முடி வெட்ற கடை எதிர்த்தாப்புல,” என்றாள் சுனில்தா.

“முடி வெட்ட வரல, சுனி. நெகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கணும்.”

கூண்டுக்குள் இருந்த பெண்களுக்குக்கூட அது கேட்டுவிட்டது. சிரிப்பு அடங்கும்வரை அவன் பொறுமையாக நின்றான். பிறகு விவரம் சொன்னான். நாளைக்கும் எறியப்போகிறவன் யோர்தானிதான். எறிகிற நிலையில் வேறு ஆள் மிச்சமில்லை. மத்தியானத்துக்கு மேல் பார்வையாளர் கூரையின் நிழல், மட்டைக்காரனும் கேட்சரும் இருக்கிற ஹோம் தட்டின்மேல் விழும். அந்த நிழலில் தன் கறுத்த விரல் அந்தப் பையனுக்குத் தெரியாது. நகம் பளிச்சென்று இருந்தால் தெரியும். இல்லையென்றால் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகப்போவது தான்தான்.

ஆட்டத்துக்காகக் கேட்கிறான் என்றானபிறகு சுனில்தாவுக்கு மறுக்க வழியில்லை. ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு, “கையக் காட்டு,” என்றாள்.

முதலில் சிவப்பை எடுத்தாள். நிழலில் சிவப்பு கறுப்பாகத் தெரியும் என்றான். பிப்ரவரிக் கார்னிவலுக்குப் பெண்கள் கேட்டு வாங்குகிற, கண்ணைக் குத்துகிற எலுமிச்சை மஞ்சள் ஒன்று இருந்தது. அதைத் திறந்தாள். அவன் கையைத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். அந்த விரல்களை அவளுக்குத் தெரியும். எது எந்த வருடம் உடைந்தது, எது கோணலாகச் சேர்ந்தது எல்லாம் தெரியும். மோதிர விரலில் மட்டும் அவளுக்குத் தெரியாத ஒரு கோணல் இருந்தது.

“இது எப்போ?”

“அங்க இருந்தப்ப,” என்றான்.

அவள் தூரிகையை மறுபடி நனைத்தாள். அந்த நகத்துக்கு மட்டும் இரண்டாவது தடவையும் பூசினாள். காய்வதற்காக விரல்களை விரித்தபடி அவன் உட்கார்ந்திருந்தான், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவன் மாதிரி.

“முட்டி எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“குந்தறது கஷ்டமில்ல. எழுந்திரிக்கிறதுதான்.” நகத்தை ஊதிக்கொண்டே, “நாளைக்கு நீ வருவியா?” என்றான்.

“கடைசி ஆட்டத்துக்கு நான் என்னிக்கு வராம இருந்திருக்கேன்?”

“அதுக்கில்ல. நீ பாத்துக்கிட்டிருந்தா எனக்குக் கை உதறும்.”

“இத்தன வருஷமா நான் உன்னையப் பாத்தனா? நாளைக்கு மட்டும் என்ன புதுசா? நான் பந்தத்தான் பாப்பேன். நீயும் அதையே பாரு.”

அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். எழுந்திருக்க நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததை அவள் கவனித்தாள், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவன் போனதும் யோகாஸ்தா வாயைத் திறக்கும் முன்னால், “ஒரு வார்த்த பேசின, நாளைக்கு உனக்கு லீவு கெடையாது,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. மோகாவிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் யோகாஸ்தாவும் ஒரு கொடியோடு எதிர்ப்பக்கம் இருந்தாள். சுனில்தா வறுத்த வாழைக்காய்ப் பொட்டலத்தோடு தன் இடத்தில் உட்கார்ந்தாள். ராதாமேஸ் கவசம் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கியபோது எங்கிருந்தோ ஒரு குரல், தாத்தாவுக்கு நாற்காலி கொடுங்கள் என்று கத்தியது. மைதானமே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. இருந்தாலும் திரும்பி, கத்தியவனைத் தேடி முறைத்தாள்.

ஆட்டம் நன்றாகவே போனது. யோர்தானிக்கு மஞ்சள் நகம் தெரிந்தது. கேட்ட பந்தைக் கேட்ட இடத்தில் எறிந்தான். ராதாமேஸும் அவனை அவசரப்பட விடவில்லை. பையனுக்குப் படபடப்பு வரும்போதெல்லாம் நொண்டிக்கொண்டே நடுவில் போய் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு வந்தான். மட்டை பிடித்தபோது மட்டும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. போன வேகத்திலேயே திரும்பினான். சேவல்கள் மூன்று ஓட்டம் எடுத்தார்கள், மோகா இரண்டு. அப்படியே கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவது வந்தது.

மோகாவுக்கு இரண்டு பேர் அவுட்; இன்னும் ஒருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஆனால் மூன்றாம் தளத்தில் ஓடத் தயாராக ஓர் ஆள் நின்றான். அவன் ஹோம் வந்து சேர்ந்தால் ஆட்டம் சமம். ராதாமேஸ் வளைந்து இறங்குகிற பந்தைக் கேட்டான். யோர்தானி எறிந்தான். மட்டைக்காரன் வீசினான், படவில்லை. மூன்று தடவை தப்பினால் அவுட்; இது மூன்றாவது. மைதானம் எழுந்து குதித்தது.

ஆனால் பந்து தட்டுக்கு முன்னாலேயே மண்ணில் குத்தி எகிறியது. பிடிபடாமல் தரையில் பட்ட பந்துக்கு அவுட் முடிவதில்லை. மட்டைக்காரன் முதல் தளத்துக்கு ஓடலாம்; அவனுக்கு முன்னால் பந்து அங்கே போனால்தான் அவுட். அவன் ஓடினான். மூன்றாம் தளத்தில் நின்றவனும் ஹோமை நோக்கிப் பாய்ந்தான். ராதாமேஸ் நெஞ்சைக் கொடுத்துப் பந்தைத் தடுத்துவிட்டான். பந்து அவனுக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான். முழங்கால் மடங்கிக்கொண்டது.

மேளக்காரர்கள் அடிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அந்த ஒரு நொடி இடைவெளியில் சுனில்தாவின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

“எழுந்திரிக்காதய்யா! உக்காந்தபடியே எறி!”

மண்டி போட்டபடியே அவன் எறிந்தான். முதல் தளத்துக்கு ஓடுகிற மட்டைக்காரனின் தோளை உரசுகிற மாதிரி பந்து போனது. முதல் தளத்துக்காரன் உடம்பை முழுக்க நீட்டிப் பிடித்தான். ஓடிவந்தவனின் கால் தளத்தை மிதிப்பதற்குள் பந்து கையுறைக்குள் இருந்தது. அம்பயர் முஷ்டியை ஓங்கி அவுட் கொடுத்தார்; அதோடு ஹோமுக்குப் பாய்ந்தவனின் ஓட்டமும் செல்லாமல் போனது. அவருடைய கண்ணைப் பற்றி அன்றைக்குச் சுனில்தா ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாரும் யோர்தானியின்மேல் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ராதாமேஸ் மட்டும் தட்டுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான். வலியில் முகம் கோணியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அப்படியாக அந்த வருடம் கடைசியாக அடிபட்ட சேவலும் அவனே ஆனான்.

வீரர்கள் வெளியே வருகிற கதவுக்கு எதிரில் சுனில்தா ஐஸ் நிரப்பிய பையோடு காத்திருந்தாள். அவள் அங்கே போய் நின்றது அதுதான் முதல் தடவை. இரண்டு பேர் அவனைத் தாங்கிக் கூட்டிவந்தார்கள். பையை அவன் முட்டிமேல் வைத்துக் கட்டினாள்.

“என்னையப் பாக்கமாட்டேன்னியே,” என்றான் அவன்.

“பந்து உன் கையில இருந்துச்சு. வேற எங்க பாக்கறது?” முடிச்சை இறுக்கினாள். “இருபத்திநாலாந்தேதி ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடு. அதுக்குமேல ஒண்ணும் நெனச்சுக்காத.”

அவன் ஊன்றுகோலோடு வந்தான். பன்றி ரோஸ்ட்டும் துவரை போட்ட சோறும் சாப்பிட்டான். ஜனவரிக்கு யாரைக் கேட்சராகக் கூப்பிடுவது என்று இருவரும் சாப்பிட்டு முடிக்கும்வரை சண்டை போட்டார்கள். மெக்சிகோவைப் பற்றிப் பேச்சு வரவில்லை. சாப்பிட்டதும் அவன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வர ஆரம்பித்தான். தெருவில் யாராவது அதைப் பற்றிக் கேட்டால், அவனுக்கு முட்டி சரியாகிறவரைக்கும்தான் என்பாள். அந்த முட்டி சரியாக வெகுகாலம் பிடித்தது.

ஜனவரியில் வெனிசுவேலாவிலிருந்து ஒரு கேட்சர் வந்தான். சேவல்கள் ஒன்றிரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். தலைநகரத்து அணியை ஒருநாள் ஓட ஓட அடித்தார்கள். நாலு அணியில் நாலாவதாக முடித்தார்கள். தோற்ற மறுநாள் காலையில் யோகாஸ்தா கிண்டல் செய்யத் தயாராகத்தான் வந்தாள். அதற்குள் சுனில்தா முதல் ஆளின் தலையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே கணக்குச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். ஷார்ட்ஸ்டாப்காரன் ஓட ஆரம்பித்துவிட்டான், மணிக்கட்டுக்காரனுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று, முழங்கைக்காரன் ஆகஸ்ட்டில் பந்தைத் தொடுவான்.

“இத்தன பேரும் ஒண்ணா எழுந்து வந்தா யாருடி எதுத்து நிக்கறது?” என்றாள். “கண்ண மூடு, ஷாம்பு போடறேன்.”