குப்பைக்கு ஆண்டு நிறைவு

குழந்தையின் ஆண்டு நிறைவுக்கு எத்தனை பேரை அழைத்தால் போதும்? அடுத்த மாதம் என் மகளுக்கு ஒரு வயது முடிகிறது. குழந்தை அலுத்து அழாமல், எனக்கும் நெஞ்சு படபடக்காமல், காலையிலேயே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, ஒரு பாயசம் வைத்து, வீட்டு மனிதர்களோடு முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். நினைத்த மறுகணமே இன்னொன்றும் தோன்றுகிறது. இப்படிச் சுருக்க நினைப்பது அவளுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயத்தினாலா, பெண்தானே என்ற அசட்டையினாலா?

என் அம்மாவும் ஒரு தடவை இப்படித் திட்டம் போட்டாள். அப்போது எனக்கு ஏழு வயது, பேட்டையில் இருந்தோம். எனக்குப் பின் பிறந்த ஆண்பிள்ளைகள் இருவரும் தங்கவில்லை. மூன்றாவதாகத் தம்பி பிறந்ததும், ஒரு முறம் தவிட்டுக்கு அவனைப் பக்கத்து வீட்டில் விற்றதாகப் பேர் பண்ணி, குப்பை என்று பெயரிட்டார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்றால் யமனும் விட்டுவிடுவான் என்பது கணக்கு. அம்மா அவனைக் கொஞ்சி நான் கேட்டதே இல்லை. "சனியனே", "மூதேவி" என்றுதான் கூப்பிடுவாள். அவனும் வசவைக் கேட்டால்தான் கைகொட்டிச் சிரிப்பான். என்னை மட்டும் "ராசாத்தி" என்பாள். அம்மாவுக்கு என்னைத்தான் பிடிக்கும் என்று தெருப்பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

அம்மாவின் திட்டம் எளிது. யாருக்கும் சொல்வதில்லை. புதுத்துணி கிடையாது, இரண்டு வீட்டில் கேட்டு வாங்கிய பழந்துணியில் ஒரு சட்டை. சின்ன உருளியில் பாயசம். ஆனால் அப்பா வாய் தவறிச் சீவலப்பேரி அத்தையிடம் சொல்லிவிட்டார். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். பாயசம் கொதிக்கும்போதே வாசலில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. அத்தையும் அவள் ஊர்ப் பெண்களும் பழமும் பட்சணமுமாக இறங்கினார்கள்.

"ஏளா, ஊருக்குத் தெரியாமக் கொண்டாட இது என்ன களவாண்ட பிள்ளையா?" என்று கேட்டுக்கொண்டே அத்தை உள்ளே நுழைந்தாள்.

"அதுக்கில்ல மதினி. பெரிசாச் செய்யுததுக்கு அது என்ன மகராசாவா? குப்பைதானே" என்றாள் அம்மா.

தம்பியின் கன்னத்தில் அம்மா கரியை அப்பியிருந்தாள். வந்தவர்கள் அதை முந்தானையால் துடைத்துவிட்டு முத்தமிட்டார்கள். அம்மா திரும்பவும் அப்புவாள். இன்னொருத்தி துடைப்பாள்.

"மூக்கும் முழியுமா என்ன லெச்சணமா இருக்கான் பாரு!" என்றாள் ஒருத்தி.

"எங்க அக்கா, வெந்த கத்தரிக்கா மாதிரி இருக்கு மூஞ்சி" என்றாள் அம்மா.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா பெத்த பிள்ளைய இப்படியா வையுதது? ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

புகழ்ச்சி கூடக்கூட வசவும் கூடியது. கடைசியில் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக் கூடத்தின் நடுவில் நிறுத்தினாள். "அவன விடுங்க. எங்க ராசாத்தியப் பாருங்க. தலைமுடி எம்புட்டு நீளம்! தங்க விக்கிரகம்லா!"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒருத்தி சடையை முழம் போட்டாள். ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். அந்தச் சந்தடியில் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பாவாடை விரியச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். அவ்வளவு பெருமை எனக்கு என் கல்யாணத்தில்கூட வரவில்லை.

ஐப்பசி மழையில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் வந்து பார்த்தும் பிழைக்கவில்லை. அத்தை வந்து, "பாவி, என் கண்ணே பட்டுட்டே" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் தலைவாரச் சொல்லி அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவள் என் முடியைக் கையில் பிடித்துச் சிக்கெடுத்தாள். பிறகு, "தலைய நேரா வை, மூதேவி" என்றாள்.

அன்று முழுவதும் அழுதேன். தம்பி போனதற்கு அம்மா என்னை வெறுக்கிறாள், இனிமேல் நான் அவளுக்கு வேண்டாம் என்றே நினைத்தேன். அத்தனை கண்ணும் இவள் மேலே விழுந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் தம்பியின் ஆண்டு நிறைவன்று என்னை நடுக்கூடத்தில் நிறுத்தினாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் பயந்து காக்கும் பிள்ளையாக நான் ஆனதே அந்த வசவு விழுந்த நாளில்தான் என்பதும் தெரியாது.

போன வாரம் அம்மா என் மகளைப் பார்க்க வந்திருந்தாள். தொட்டிலை எட்டிப் பார்த்து, "ராசாத்தி" என்றாள். நான் சட்டென்று பிள்ளையைத் தூக்கி முந்தானையால் மூடிக்கொண்டேன். "பொட்டப்பிள்ளைக்கு ஒரு பாயாசம் போதும்" என்கிறார் மாமியார். நான் நினைத்ததும் அதுவேதான். ஆனால் அவர் சொல்லிக் கேட்கும்போது ஆத்திரமாக வருகிறது.

இதைப் படிக்கும் சகோதரிகளே, கண்ணேறு என்பது மூடநம்பிக்கை என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான் நான். ஆனாலும் கேட்கிறேன். ஆண்டு நிறைவன்று காலையில் மகளைக் குளிப்பாட்டி மடியில் எடுத்ததும், அவள் காது கேட்க அவளை நான் என்னவென்று கூப்பிடட்டும்? பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் யாராவது எனக்கு எழுதுங்கள்.