பத்துக் குதிரைக் கார்

பேசாலை மாதா கோயிலில் எங்கள் குடும்பம் எந்த வாங்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பூசைக்கென்று எடுத்துவைத்த உடுப்பிலும் மண்ணெண்ணெய் மணக்கும். சண்டைக்காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெய்க்குப் பழகிய அப்பாவின் பழைய இங்கிலீசுக் கார், நாங்கள் மீள்குடியேறி வந்த பிறகும் அந்த மணத்தை விடவில்லை. ஓலைக்கொட்டிலுக்குள் தப்பிக் கிடந்த அதை அப்பா கழற்றிப் பூட்டி ஓடவைத்து, மடுவுக்கும் மன்னாருக்கும் ஆள் ஏற்றித்தான் எங்களுக்குச் சோறு போட்டார். அக்காவின் கலியாணத்தன்று அவளை அதில் ஏற்றித் தானே ஓட்டிப்போய்க் கோயில் வாசலில் இறக்கவேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை.

காருக்குப் பின்னால் ஒரு தகடு, அதில் "10" என்ற எண். விற்றவர் எஞ்சினின் வலு "பத்துக் குதிரை" என்று சொல்லித்தான் விற்றாராம். வேறு ஊரென்றால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரிலோ ஆளையே குதிரையால் அளப்பார்கள். சண்டைக்காலத்தில் பெரிய மிசின் பூட்டிக் கடலுக்குப் போகத் தடை இருந்தது. அது எடுபட்டதும் "பதினைஞ்சு", "இருபத்தஞ்சு" என்று போட்டிபோட்டு வள்ளத்தில் பூட்டினார்கள். "உங்கட காரை எங்கட வள்ளத்தில கட்டி இழுப்பம்" என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிக்கும்போது எனக்கு நிலம் பிளந்து விழுங்காதா என்றிருக்கும்.

அக்காவுக்குப் பேசிய இடம் "இருபத்தஞ்சு". அவர்கள் நாள் குறிக்க வந்த அன்று, கனடாவிலிருந்து வந்திருந்த மாமா போனில் ஒரு சிவப்புக் காரைக் காட்டினார். "ஸ்பெஷல் எடிஷன். உலகத்திலயே கொஞ்சம்தான் செய்தவங்கள். எழுநூறு குதிரை!" பக்கத்தில் நின்று படம் பிடித்ததைத் தவிர மாமாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் வந்தவர்களின் கண்ணெல்லாம் முற்றத்தில் நின்ற எங்கள் காருக்குத்தான் போனது. "பத்துக் குதிரை கோயிலடிக்குப் போய்ச்சேர ரெண்டாம் பூசையும் முடிஞ்சிடும்" என்றார் மாப்பிள்ளையின் தமையன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு, தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். அது அவர் ஒருநாளும் செய்யாத வேலை.

அவர்கள் போனதும் அக்கா அழுதாள். "நான் அதில ஏற மாட்டனப்பா. காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவினம்." அம்மா, "ஊர்வாய மூட உலைமூடி இருக்கோ?" என்றதோடு சரி. "ஓம் பிள்ளை, வாடகைக்கு ஒரு வான் பிடிப்பம்" என்றார் அப்பா. எனக்கு அப்பாடா என்றிருந்தது. கலியாணத்தன்று அவர் வானின் முன்சீற்றில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல இருந்து வந்தார். அடுத்த மாரிக்கு முன்பே காரை இரும்புக்குக் கொடுத்துவிட்டார்.

இன்று அந்தக் கொட்டிலில் அத்தானின் நாற்பது குதிரை மிசின் இருக்கிறது. பழைய கார்களைப் பற்றி அண்மையில் வாசித்தபோதுதான் எனக்கு விசயம் தெரிந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் காருக்கு வரி போடுவதற்காக, சிலிண்டர் எத்தனை, அதன் வாய் எவ்வளவு அகலம் என்று மட்டும் பார்த்துக் குதிரைக் கணக்குப் போட்டார்களாம். எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. எங்கள் "பத்து" வெறும் வரிப் பத்து. உண்மையில் அதற்கு முப்பது குதிரை மட்டில் இருந்திருக்கும். இருபத்தஞ்சுக்கு மேலே! அவசரப்பட்டு அப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், ஏன் சொன்னேன் என்று கூசிப்போனேன்.



"முப்பது எண்டு அண்டைக்குத் தெரிஞ்சிருந்தா, அக்காவ நானே கொண்டுபோய் இறக்கியிருப்பன், என்ன?" என்றார் அப்பா.