நைனாவின் நாலு மணி நேரம்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிறவன் நான். உத்திரமேரூர் பக்கம் வீடு வீடாக ஒயரிங் வேலை செய்கிறேன், இருட்டிய பிறகு சுடுகாட்டு வழியாகத்தான் வண்டியில் திரும்புவேன், கரண்டுக்குத் தவிர எதற்கும் பயந்ததில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது.

அண்ணன் துபாயில் வேலை செய்கிறான். ஊருக்கு வந்தால் எப்போதும் காலை ஒன்பது மணி விமானம்தான். சென்னைக்கு நாலு மணி நேரம். ஆனால் அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால் ஓடுகிறது, அதனால் இங்கே இறங்கும்போது இரண்டரை ஆகிவிடும். இது மட்டும் எங்கள் நைனா மண்டையில் கடைசிவரை ஏறவில்லை. "ஒன்பதுக்கு ஏறினா ஒண்ணுக்கு எறங்கணும், இதுல இன்னாடா பெரிய கணக்கு?" என்று என்னையே மடக்குவார். ஒவ்வொரு தடவையும் ஒரு மணிக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து எங்களைப் பேஜார் பண்ணுவார்.

போன வருஷம் நைனா வயலிலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார். தகப்பனுக்குத் தலைப்பிள்ளைதான் கொள்ளி வைக்கவேண்டும். அண்ணனுக்கு மறுநாள் அதே ஒன்பது மணி விமானம்தான் கிடைத்தது. அவன் வந்துசேரப் பொழுது சாய்ந்துவிடும், பொழுது போனால் எங்கள் ஊரில் எடுக்கமாட்டார்கள். மேகம் வேறு கட்டிக்கொண்டு நின்றது. "சின்னவனே வெச்சிடட்டும்பா, மழ வந்துட்டா கட்ட எரியாது" என்று பெரியப்பா பாடை கட்டச் சொல்லிவிட்டார். அண்ணன் முகம் பார்க்காமல் எடுப்பதா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்வது, ஈரத்துண்டோடு நின்றேன்.

அப்போது என் போன் அடித்தது. அண்ணன் நம்பர். மணி ஒன்று.

"எறங்கிட்டேன்டா. எடுத்துடாதீங்க. வந்துக்கினே கீறேன்."

அவ்வளவுதான், கட். காற்று தள்ளி விமானம் சீக்கிரம் வந்துவிட்டது போல என்று நினைத்து எல்லோரிடமும் கத்திச் சொன்னேன். பெரியப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டே நிறுத்தச் சொன்னார். திருப்பி அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். மூன்றாயிற்று, நாலாயிற்று, ஆளைக் காணோம். "எறங்கினவன் எங்கடா?" என்று ஊரே முறைக்கிறது, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, ரோட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன், நைனா நடந்த மாதிரியே.

பொழுது இறங்குகிற நேரத்தில் கார் வந்தது. நம்பினால் நம்புங்கள், அதுவரை ஒரு சொட்டு மழை விழவில்லை. அண்ணன்தான் கொள்ளி வைத்தான்.

குளித்துவிட்டு உட்கார்ந்தபோது கேட்டேன். "ஒரு மணிக்கே எறங்கிட்டு இவ்ளோ நேரம் இன்னாண்ணா பண்ண?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஒரு மணிக்கு நான் கடலு மேல இருந்தேன்டா. போனே ஆஃப். எடுத்துட்டு இருப்பீங்கன்னு அழுதுக்கினே வந்தேன்."

அவன் போனில் அப்படி ஒரு கால் இல்லை. என் போனில் இருந்தது. அந்த விமானம் ஒரு மணிக்கு இறங்கும் என்று கணக்குப் போடுகிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான், அவர் அப்போது வாசலில் மாலையோடு படுத்திருந்தார்.

நெட்வொர்க் கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் வருஷத் திதிக்கு அண்ணன் மறுபடி அதே விமானத்தில் வந்தான். அன்று நான் ஒரு வீட்டுப் பரணில் ஏறி ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன், போன் கீழே சட்டைப் பையில். இறங்கிப் பார்த்தால் அண்ணன் நம்பரிலிருந்து ஒரு மிஸ்டு கால். ஒரு மணிக்கு.

அண்ணனிடம் நான் கேட்கவே இல்லை. அந்தப் போனை எடுத்திருந்தால் நைனா என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.