நாத்தனார் சொன்ன சாட்சி

ராயபுரத்து அத்தோ வண்டிக்கு முன்னால் என் நாத்தனாரும் என் மகளும் தோளோடு தோள் உரச நின்றிருந்தார்கள். வண்டிக்காரர் நூடுல்ஸையும் முட்டைக்கோஸையும் பொரித்த வெங்காயத்தையும் கையாலேயே பிசைந்து தட்டில் வைக்க, இருவரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். ஒருவர் பல வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். இன்னொருத்திக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொல்லிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பேருந்திலிருந்து இறங்கிய நான் சாலையைக் கடக்க மறந்து நின்றேன். இன்று அந்தக் காட்சியை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று பயந்துபோனேன்.

அந்தப் பயத்துக்குக் காரணம் என் மாமனார். சர்க்கரை அவருடைய காலை எடுத்துக்கொண்டபோது புண்ணுக்குக் கட்டு மாற்றியவள் நான். அதனால், கல்லூரியில் சேர்ந்த மகள் இளைக்கத் தொடங்கியதும் நேராகச் சர்க்கரைப் பரிசோதனைக்குத்தான் அழைத்துப் போனேன். வெறும் வயிற்றில் எடுத்ததும், மூன்று மாதச் சராசரியைச் சொல்வதும், இரண்டுமே எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருந்தன. பரம்பரையில் இருப்பதால் சாப்பாட்டில் கவனம் வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு அது போதவில்லை. காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டில் அரிசிச் சோறு நின்றுபோனது. ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றுகிற கேழ்வரகுக் கூழை மகளுக்குத் தினமும் ஊற்றினேன். “அம்மனே ஆடியோட கூழை வுட்டுடுது. எனக்கு மட்டும் இன்னாத்துக்கும்மா வருஷம் பூரா?” என்பாள். அவள் மேலும் இளைத்தாள். கூழ் வேலை செய்கிறது என்று நான் பூரித்துப்போனேன்.

என் கணவரின் அக்காவான நாத்தனார் காசிமேட்டில் மீன் விற்பவர். ஏலத்தில் பழகிய குரல். அன்று தெருவில் நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். “என்னாண்ட இன்னாத்துக்கு மொறைக்கிற? புள்ள பசிக்குதுன்னு வந்து நிக்குது. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல.” மகளின் கண்ணில் நீர். கையிலிருந்த தட்டை மட்டும் அவள் கீழே வைக்கவில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது நாத்தனார் கூப்பிடாமலேயே கூட வந்தார். நான் கூழின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் குறுக்கே புகுந்தார்.

“டாக்டரம்மா, புள்ள துன்றதுல பாதி பெத்தவளுக்கே தெரியாது. புள்ள காலேஜ் வுட்டு நேரா என் வூட்டுக்குத்தான் வரும். சோறு, மீன் வறுவல், அப்பால அத்தோ. எங்க வூட்டு ஆம்பளைங்க எல்லாம் துன்றத ஒத்த ஆளா துன்னும். குடுத்தது நானு. திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க.”

டாக்டர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். “இவ்வளவு சாப்பிட்டுமா இளைச்சிருக்கா?” என்று மகளைப் பார்த்துக் கேட்டார். கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடத்தது. நெஞ்சு அடித்துக்கொள்கிறதா, மின்விசிறிக்குக் கீழேயும் வியர்க்கிறதா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம். கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சர்க்கரை இவ்வளவுதான் ஏறியிருக்கு. அதுக்கு இப்படி இளைக்க மாட்டா. தைராய்டு பார்க்கணும்.”

பார்த்தார்கள். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்தது. அது மிகும்போது உடம்பு முழுவதும் ஓட்டமாக ஓடுகிறது; எவ்வளவு சாப்பிட்டாலும் எரிந்துபோகிறது. கல்லீரல் கூடுதலாகச் சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது, அதைச் சமாளிக்க வேண்டிய இன்சுலினும் நிலைக்காமல் சீக்கிரம் கரைகிறது. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் சர்க்கரையின் கணக்கு குழம்பலாமாம். “முதல்ல தைராய்டை அடக்குவோம். அப்புறம் சர்க்கரையைத் திரும்பப் பார்ப்போம். அதுவரைக்கும் இவளுக்குச் சர்க்கரை நோய்னு பேர் வைக்காதீங்க. பாவம், சோறு போடுங்க” என்றார் டாக்டர்.

நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப எனக்கும் அந்தத் தைராய்டாத்தான் இருக்கும். ஒரு டெஸ்ட்டு எழுதுங்க.” நல்ல யோசனை, சர்க்கரைக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நாத்தனாரின் தைராய்டில் ஒரு குறையும் இல்லை. அவர் அசரவில்லை. “பாத்தியா, நம்மளுது கலப்படம் இல்லாத சர்க்கரை” என்று சந்தையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாத்திரையில் மகளின் தைராய்டு மெல்ல அடங்கியது. கை நடுக்கம் நின்றது. சில மாதம் கழித்து எடுத்த சர்க்கரைப் பரிசோதனைகள் இரண்டும் எல்லைக்குள் வந்துவிட்டன. வீட்டில் சர்க்கரை இருப்பதால் ஆண்டுதோறும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது இப்போதும் நான் கதவின் மேலேயே கண்ணாக உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் மகள் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

சர்க்கரை எல்லைக்குள் வந்துவிட்டதென்று முதலில் முடிவு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் சங்கரா மீனோடு வந்தார். குழம்பு வைத்தேன். மகளின் தட்டில் சோற்றைக் குவித்தேன். தீர்ந்ததும் மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை கரண்டியோடு நான் குனிந்தபோது அவள் தட்டின் மேல் கையை விரித்து மறைத்தாள்.

“போதும்மா. வயிறு ரொம்பிடுச்சு.”

நாத்தனார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனையோ மாதங்களாக எங்கள் வீட்டில் யாரும் அவள் வாயிலிருந்து கேட்காத சொல் அது.

“இன்னொரு தடவை சொல்லுடி” என்றேன்.