புடவைக்கடையில் ஓர் ஆங்கில நாவல்

ஆறாம் படிவத்தில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பில், ஆங்கில இலக்கியம் எடுத்தவர்களின் பொதுவான துன்பம் உங்களுக்குத் தெரியும்: என்ன படிக்கிறாய் என்று கேட்பவர் எல்லாரும், அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்றும் கேட்பார்கள்.

எங்கள் அப்பாவும் கேட்டார். அவருக்கு எங்கள் ஊர் லிட்டில் இந்தியாவில் புடவைக்கடை. கோலாலம்பூருக்குப் போய்ப் பட்டப்படிப்பிலும் இலக்கியமே படிக்க எனக்கு ஆசை. இறுதித் தேர்வுக்கு முன் பள்ளியில் வைக்கும் சோதனைத் தேர்வில் நல்ல மதிப்பெண் வராவிட்டால் அந்தப் பேச்சே கூடாது என்றார். தினமும் பள்ளி முடிந்ததும் கடைக்கு வந்துவிடுவேன். பாடமாக வைத்திருந்த ஆங்கில நாவலும் என்னோடு வரும்.

மாப்பிள்ளைக்கு என்ன குறை?

கடையில் வேலை செய்யும் சரோஜா அக்கா புடவை மடித்துக்கொண்டே கதை கேட்பார். நாவலின் நாயகி, தன் அப்பா பார்த்த பணக்கார மாப்பிள்ளையை மறுத்துவிட்டு நகரத்துக்கு வேலைக்குப் போகிற இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணப் புடவை எடுக்க மகளோடு வந்திருந்த ஓர் அம்மா குறுக்கிட்டார்.

"மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருக்கா?"

"பங்களாவே இருக்கு ஆன்ட்டி. குதிரை வண்டியும் இருக்கு."

"அப்புறம் என்ன கேடு அவளுக்கு?"

"அவளுக்குப் பிடிக்கலம்மா," என்றாள் மகள்.

அம்மா கையிலிருந்த புடவையைக் கீழே வைத்தார். "உனக்கு உன் மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்குல்ல?"

"அவரைப் பிடிச்சிருக்கும்மா. இந்தப் பச்சைப் புடவைதான் பிடிக்கல."

கண்ணீரும் வியாபாரமும்

நாயகி எழுதிய கடிதத்தை அவளுடைய அப்பா பிரிக்காமலே திருப்பி அனுப்பும் இடம் வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து புடவை வாங்க வந்த ஓர் அக்கா எங்கள் அப்பாவிடம் கடுமையாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி என்னைப் பார்த்தவர் பதறிப்போனார். "ஐயோ, என் பேரத்தைக் கேட்டுப் பிள்ளை அழுவுதே அண்ணே. நீங்க சொன்ன விலையே தர்றேன்லா!"

அவர் போன பிறகு அப்பா முதல்முறையாக என் புத்தகத்தை மரியாதையோடு பார்த்தார். "நாளைக்கும் அந்தப் பக்கத்தையே படிம்மா."

கடைசி அத்தியாயம்

சோதனைத் தேர்வில் கேட்ட கேள்வி, நாவலில் தவறு அப்பாவுடையதா, மகளுடையதா என்பது. வகுப்பில் எல்லாரும் அப்பா கொடியவர் என்று எழுதினார்கள். நானோ, அவர் கொடியவர் அல்ல, பயந்தவர் என்று எழுதினேன். புடவை வாங்க வரும் பெற்றோரின் முகத்தில் அந்தப் பயத்தை நான் தினமும் பார்க்கிறேனே! வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான்.

கடை மூடும் நேரத்தில் எங்கள் அப்பாவிடம் மதிப்பெண்ணைச் சொன்னேன். அவர் ஒரு துணியைச் சுற்றி அலமாரியில் வைத்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பொண்ணு கடைசியில வீட்டுக்கு வந்தாளா?"

இத்தனை நாளும் அவரும் கதை கேட்டிருக்கிறார்!

"வரலப்பா. அவ அப்பாதான் அவளைப் பார்க்கப் போறாரு."

அடுத்த துணியைக் கையில் எடுத்தவர், சுற்றாமல் நின்றார்.

"கோலாலம்பூருதானே? காலையில பஸ் ஏறினா மத்தியானம் போய்ச் சேர்ந்துடலாம்லா."

அந்த ஆங்கிலேய அப்பா மனம் மாற முழு நாவல் தேவைப்பட்டது. எங்கள் அப்பாவுக்கு நாவலோடு பஸ் நேரமும் தேவைப்பட்டது.