கார்த்திகேசுவின் செருப்பு ஆர்க்கிட்

பிரிக்ஃபீல்ட்ஸ் கார்த்திகேசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, உண்மையில் ஓய்வு கிடைத்தது சுங்கத்துறைக்குத்தான் என்று சொல்பவர்கள் உண்டு. போர்ட் கிள்ளானில் அதிகாரியாக இருந்த காலத்தில், கப்பலேறப் பார்த்த ஒரு கறிவேப்பிலைக் கன்றைக்கூட அவர் விட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு ஆர்க்கிட் சங்கத்தைப் பிடித்துக்கொண்டார். மாதாமாதம் ஒரே பேச்சு. ஆர்க்கிட்டை எல்லை தாண்டிக் கொண்டுபோக இங்கே ஏற்றுமதி அனுமதி வேண்டும். செருப்பு ஆர்க்கிட், அதாவது பாஃபியோபெடிலம் என்றால், அருகிவரும் செடிகளுக்கான உலகப் பட்டியலில் ‘அப்பெண்டிக்ஸ் ஒன்’, போய்ச் சேரும் நாட்டின் அனுமதியும் வேண்டும். அதிலும் காட்டில் பிடுங்கியது என்றால் நினைத்தே பார்க்கக் கூடாது. கேட்டுக் கேட்டுச் சங்கத்தாருக்குக் காது புளித்துப் போயிருந்தது.

அவர் வீட்டுக் கொல்லையிலும் ஒரு செருப்பு ஆர்க்கிட் இருந்தது. செலாயாங் பாசாரில், கோஸ் கூடைகளுக்குப் பின்னால் ஒருவன் சாக்கில் வைத்து விற்றது. எந்தக் காடு என்று அவன் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பல வருடம் பிகு பண்ணிவிட்டு, 1991இல் அது முதன்முறையாக மொட்டு விட்டது. அடுத்த வாரம் சிங்கப்பூரில் கண்காட்சி. சாவதற்குள் ஒரு பரிசாவது வாங்கிவிட வேண்டும் என்று மனிதர் ஏங்கிக்கொண்டிருந்தார். அனுமதி கேட்டாலோ, செடி பிறந்த இடத்தைக் கேட்பார்கள். ஆகவே சட்டத்தைச் சங்கத்திலேயே விட்டுவிட்டு, செடியை ஈரத்துணியில் சுற்றி, மனைவி மீனலோசனியின் பையில் சேலைகளுக்கு நடுவே செருகினார்.

சுபாங் விமான நிலையத்தில் பையைத் திறந்தவர் பழனியப்பன். ஒருகாலத்தில் கார்த்திகேசுவிடம் வேலை பழகியவர். துணிக்கு வெளியே வேரும் இலை நுனியும் எட்டிப் பார்த்தன.

“லெங்குவாஸா சார்? சமையலுக்கா? போங்க லா சார், உங்களப் போய் செக் பண்ணுவேனா?”

பேசாமல் நடந்திருக்கலாம். ஆனால் கார்த்திகேசுவுக்கு ரத்தம் தலைக்கேறியது. தன் செல்லத்தைக் குழம்பில் போடும் கிழங்கு என்று ஒருவன் சொல்வதா?

“என்னப்பா பேசற? இது பாஃபியோபெடிலம்! அப்பெண்டிக்ஸ் ஒன்! பெர்மிட் இல்லாம இத விட்டா உன் வேல போயிடும், தெரியுமா?”

பக்கத்து மேசை அதிகாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். பழனியப்பன் முகம் வாடிவிட்டது.

“நீங்களே சொல்லிட்டீங்களே சார். இனி நான் என்ன செய்யறது?” என்று செடியை எடுத்து வைத்துக்கொண்டார்.

“கொஞ்ச நேரம் லெங்குவாஸாய் இருந்திட்டுப் போகட்டுமன்,” என்று முணுமுணுத்தபடி மீனலோசனி சேலைகளை மடித்து வைத்தார்.

பழைய மரியாதைக்காக எச்சரிக்கையோடு விட்டார்கள். மறுவாரம் பழனியப்பன் போன் செய்தார்.

“சார், உங்க செடி ஸ்டோர்ல பூத்திருச்சு. அப்படி ஒரு அழகு! எல்லாரும் வந்து பாக்கறாங்க, பேரு கேக்கறாங்க. அன்னிக்கு என்னமோ சொன்னீங்களே, என்ன சார் அது?”



“லெங்குவாஸ்,” என்று சொல்லிவிட்டு கார்த்திகேசு போனை வைத்தார்.